எடுத்த விரலும் பிடுங்கிய விரலும்

என் கொழுந்தனாருக்கு வீட்டில் திருகாணி என்று பெயர். நான் வைத்ததில்லை. நான் கல்யாணமாகி வந்தபோதே அந்தப் பெயர் இருந்தது. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. கண்ணில் எந்தக் குமிழ் பட்டாலும் அவர் கை சும்மா இருக்காது. ரேடியோ, ஃபேன் ரெகுலேட்டர், அடுப்பு, அடுத்த வீட்டுக் குழாய், எதுவும் தப்பாது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைப் பார்க்கப் போன இடத்தில், கட்டிலுக்கு அடியில் இருந்த கைப்பிடியைத் திருகி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த மனிதரை எழுந்து உட்கார வைத்துவிட்டார். நர்ஸ் ஓடி வந்து கேட்டதற்கு, "எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்த்தேன்" என்றாராம்.

இப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. குமிழ் அவரை விடவில்லை. பதினான்கு வருடமாக ஒலி உண்டாக்கும் ஒரு சாஃப்ட்வேரில் வேலை செய்கிறார். பாட்டைப் பதிவு செய்து போடும் சாஃப்ட்வேர் என்று நானும் முதலில் நினைத்தேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இது: எந்த வாத்தியத்தின் ஒலியும் அதற்குள் கிடையாது. வெறும் அதிர்வு ஒன்றை எடுத்து, அதைச் சீவி, வளைத்து, இன்னொரு அதிர்வோடு பின்னி, உலகத்தில் எந்த வாத்தியத்திலும் இல்லாத ஒலியை அது உண்டாக்கும். அதற்காகக் கம்ப்யூட்டர் திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு குமிழ்கள். அந்த எண் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அவர் தன் முதலாளியிடம், "இதைத் தொடுதிரைக்குக் கொண்டுபோகலாம் சார். டேப்ல, ஃபோன்ல வாசிக்கலாம்" என்று சொன்னார். டேப் என்றது, சிலேட்டு அளவில் இருக்கும் டேப்லெட்டை. அந்தச் சாஃப்ட்வேரை இளம் வயதில் தனியாக உட்கார்ந்து எழுதி ஆரம்பித்தவர் முதலாளிதான். அதனால் அதன் மேல் அவருக்கு உயிர். "யானையைத் தீப்பெட்டியில அடைக்கிறேங்கிறே" என்று சிரித்தாராம். இவர் விடவில்லை. நாலு மாதம் கேட்டுக் கேட்டு, கடைசியில் சம்மதம் வாங்கினார். சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. "ஒரு குமிழைக்கூடத் தூக்கக் கூடாது. கம்ப்யூட்டர்ல என்ன ஒலி வருதோ அதேதான் வரணும். ஒரு தப்பு கண்ணுல பட்டாலும் மூடிடுவேன்."

எங்கள் வீட்டு முன் அறையில் ஜன்னலை ஒட்டி அவர் மேஜை. அதற்குப் பக்கத்தில் என் தையல் மிஷின். நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். அதனால் அந்த மூன்று வருடமும் என் கண் முன்னால்தான் நடந்தது.

முதல் சிக்கல் விரல். மவுஸின் அம்புக்குறி ஊசி மாதிரி. மனித விரல் தலையணை மாதிரி. விரலை வைத்தால் அதன் அடியில் குமிழே தெரியாது. தெரியாத குமிழை எவ்வளவு திருகினோம் என்று எப்படிப் பார்ப்பது? தொட்ட குமிழ் விரலுக்கு மேலே பெரிதாக எழும்பி நிற்கிற மாதிரி அவர் செய்தார். செய்துவிட்டு என் கணவரை அழைத்துத் தொடச் சொன்னார். என் கணவர் பஸ் டிரைவர். கட்டைவிரலை வைத்தார்; மூன்று குமிழ் ஒன்றாகத் திரும்பியது.

"அண்ணா, இது கட்டைவிரலா, வெறும் கட்டையா?"

"பஸ் ஓட்டற கைடா இது. உன் குமிழைப் பெருசாக்கு. என் கையைச் சின்னதாக்கச் சொல்லாதே."

கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் மறுநாளே அவர் எல்லாக் குமிழையும் பெரிதாக்கி, ஒரே பக்கத்தில் இருந்ததை ஒன்பது பக்கமாகப் பிரித்துவிட்டார்.

இரண்டாவது சிக்கல் நேரம். தையல் மிஷினில் ஊசி இறங்கும் நேரத்துக்குத் துணி நகர்ந்து வந்தாக வேண்டும். துணி தாமதித்தால் நூல் சுருண்டு முடிச்சு விழும். டேப்பிலும் அப்படித்தானாம். ஒலியைத் துண்டு துண்டாக நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துண்டு தாமதித்தால் 'படக்' என்று வெடிக்கும். கம்ப்யூட்டர் பெரிய மோட்டார் வைத்த மிஷின், டேப் கையால் சுற்றுகிற மிஷின். அதே துணியை அதே வேகத்தில் தைக்க வேண்டும் என்றால் எப்படி? அந்த 'படக்'கோடு அவர் ஒரு வருடம் முழுக்க மல்லுக்கட்டினார். கடவுள் கிருபையால் அது அடங்கியது.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்த சமயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி ஃபோன் செய்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு இசைப்பள்ளி அரங்கில் கச்சேரி. வாசிக்கப்போவது அந்தப் பள்ளியின் டீச்சர். முப்பது வருடமாக விதவிதமான வாத்தியத்தில் வாசிக்கிறவர், பத்து வருடமாக இந்தச் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் வைத்து வாசிக்கிறவர். இந்த முறை டேப்பில் வாசிக்க வேண்டும். முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார்.

"அன்னைக்குச் சரியா இருந்தா கடைக்கு அனுப்பலாம். இல்லேன்னா டேப் வேலையே வேண்டாம், நீ பழையபடி கம்ப்யூட்டர் பக்கம் வந்துடு. வாசிக்கப்போற டேப் சாஃப்ட்வேரை வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எனக்கும் அனுப்பிடு" என்றார். கடை என்றது, ஃபோனில் சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளும் இடத்தை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான அம்மா. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வந்ததும் நலம் விசாரிக்கவில்லை, "எங்க அது?" என்றார். டேப்பை மேஜையில் வைத்ததும் பத்து விரலையும் பரப்பி வாசிக்க ஆரம்பித்தார். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு ஒலி. கண்ணாடிக் குழாய்க்குள் காற்றும் தண்ணீரும் சேர்ந்து ஓடுவது போல இருந்தது. கொழுந்தனார் முகத்தில் மூன்று வருடக் களைப்பும் இறங்கிப் போயிருந்தது.

இருபது நிமிடம் கழிந்திருக்கும். டீச்சர் ஒரு வரியை வாசித்து முடித்துக் கையைத் தூக்கினார். ஒலி நிற்கவில்லை.

'ஊ...ம்' என்று ஒரே சுருதியில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் இரண்டு உள்ளங்கையையும் எங்களுக்குக் காட்டினார். "நான் தொடலையே."

கொழுந்தனார் திரையில் அங்கும் இங்கும் தட்டினார். நிற்கவில்லை. கடைசியில் சாஃப்ட்வேரையே மூடினார். அறை அமைதியானது.

"டீச்சர், கையை எடுத்தீங்க இல்ல?"

"எடுக்காம எப்படிங்க ரெண்டு கையும் மேலே இருக்கும்?"

அன்று மதியத்துக்குள் இன்னும் ஒரு தடவை அப்படி ஆயிற்று. டீச்சர் வகுப்புக்குக் கிளம்பிப் போனார். கொழுந்தனார் உட்கார்ந்து சாயங்காலம் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மெதுவாகத் தொட்டு எடுத்தார், வேகமாகத் தொட்டு எடுத்தார், ஓரத்தில், நடுவில், மூலையில் தொட்டு எடுத்தார். ஆயிரம் தடவைக்கு மேல் இருக்கும். ஒரு தடவைகூட ஒலி மாட்டிக்கொள்ளவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னடா திருகாணி, மரை கழண்டு போச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அவ்வளவுதானே? ஒலி நிக்கலைன்னா ஸ்விட்சை அணைச்சுட்டு மறுபடி போடச் சொல்லு. எங்க டெப்போல எல்லா வண்டிக்கும் அதுதான் வைத்தியம்" என்றார்.

"அண்ணா, கொஞ்சம் உள்ள போறியா?"

அவர் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் கணவரும் கேட்டதில்லை. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை டீச்சர் மறுபடி வந்தார். மறுபடி இரண்டு தடவை ஒலி மாட்டிக்கொண்டது. அதே கேள்வி, அதே பதில். "கையை எடுத்தீங்களா?" "எடுத்தேன்." கையை எடுத்ததும் டேப் சாஃப்ட்வேருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும்: விரல் எடுத்தாயிற்று. அந்தச் செய்தி வந்தால் ஒலி அடங்கும். செய்தி எங்கே போய்த் தொலைகிறது என்றுதான் அவர் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜைக்கே கொண்டுபோய் வைத்தேன். ஆறிப் போய்த் திரும்பி வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, இருந்ததை இருந்தபடியே முதலாளிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அவர்கிட்ட சொல்லலை."

"சொல்லிடுங்க தம்பி."

"என்னன்னு சொல்றது? ஒரு நோய் இருக்கு, எங்க இருக்குன்னு தெரியலைன்னா? அந்த நிமிஷமே மூடிடுவார்."

மறுநாள் காலை ஜெபத்தில் அவருக்காகக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தது மூன்றாவது நாள். அவருக்கும் பொறுமை போயிருந்தது. கச்சேரிக்கு ஒரு நாள்தான் பாக்கி. வாசிக்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் ஒலி மாட்டிக்கொண்டது. கொழுந்தனார் வாயைத் திறந்தார்.

"டீச்சர், கையை எப்படி எடுத்..."

"எடுக்க எங்கங்க விட்டுச்சு?" டீச்சர் கத்தியே விட்டார். "மூணு நாளா எடுத்தீங்களா எடுத்தீங்களான்னு கேக்கறீங்க. நான் எடுக்கறதுக்கு முன்னாடியே அது பிடுங்கிக்குது!"

கொழுந்தனார் அப்படியே நின்றார். 'ஊ...ம்' என்ற ஒலி பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"பிடுங்கிக்குதுன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இதேதான். திரை ஒரு நூல் அளவு சுருங்கும், உடனே நேராகிடும். சரி, ஏதோ அழகுக்கு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நான் வைக்கலை டீச்சர். அதை இன்னொரு தடவை செய்ங்க."

டீச்சர் வரியின் கடைசியை வாசித்தார். பரப்பி வைத்திருந்த ஐந்து விரலையும், ஒரு சிட்டிகை உப்பு எடுப்பது போல ஒன்றாகக் குவித்துக்கொண்டே வந்தார். திரை கொஞ்சம் சுருங்கி நேரானது. ஒலி மாட்டிக்கொண்டது.

கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "மவுஸ் புத்தி, அண்ணி! பதினாலு வருஷ மவுஸ் புத்தி!"

பிறகு அவர் விளக்கியது இது. டேப்புக்கே ஒரு பழக்கம் உண்டு. ஐந்து விரலையும் சேர்த்துக் குவித்தால், ஓடுகிறதை மூடிவிட்டு முதல் பக்கத்துக்குப் போகச் சொல்கிறோம் என்று அது எடுத்துக்கொள்ளும். அந்தச் சந்தேகம் வந்த நொடியே, ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரிடமிருந்து விரல்களைப் பிடுங்கிக்கொள்ளும். முழுதாகக் குவிக்காமல் விட்டால் திரையை நேராக்கிவிடும்; விரல்களைத் திருப்பித் தராது. ஆனால் நாணயமாகச் சொல்லிவிட்டுத்தான் பிடுங்கும். 'எடுத்தாயிற்று' என்பது ஒரு செய்தி, 'பிடுங்கிக்கொண்டேன்' என்பது வேறு செய்தி. இவர் எழுதியதோ 'எடுத்தாயிற்று' வரட்டும் என்று காத்திருந்தது. மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மவுஸைக் கையிலிருந்து யாரும் பிடுங்குவதில்லை அல்லவா? அதனால் அப்படி ஒரு செய்தி வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, அவர் சோதித்ததெல்லாம் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மற்ற நாலையும் மடக்கிக்கொண்டு. மவுஸ் பிடித்தவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விரல்தான்.

அரை மணி நேரத்தில் நாலு வரி எழுதிச் சரி செய்தார். டீச்சர் குவித்துக் குவித்துப் பார்த்தார். நாற்பது தடவை. ஒன்றும் மாட்டவில்லை. நான் நிறுத்தியிருந்த தையலை மறுபடி எடுத்தேன். மனது அவ்வளவு லேசாக இருந்தது. கொழுந்தனார் முதலாளிக்கு ஃபோன் போட்டார். பயணத்தில் இருந்ததால் கிடைக்கவில்லை. பரவாயில்லை, சரி செய்த டேப்பை நாமே கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை இரண்டரைக்கே அரங்கில் இருந்தோம். முந்நூறு நாற்காலி இருக்கும். மேடையில் கறுப்புத் துணி போட்ட மேஜை, டேப்பை நிறுத்த ஒரு தாங்கி, இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். மூன்று மணிக்கு முதலாளி வந்தார். குள்ளமான மனிதர், தோளில் ஒரு பை. வந்ததும் பையிலிருந்து தன் டேப்பை எடுத்து நீட்டினார்.

"இதுல வாசிக்கட்டும்."

"சார், என் டேப்பை வச்சிருக்கேன்..."

"உன்னோடதுல நீ என்னென்ன மருந்து தடவியிருப்பியோ. கடையில இறக்கிக்கிறவன் கையில என்ன இருக்குமோ, அதுல கேக்கணும் எனக்கு. நீ வியாழக்கிழமை அனுப்பினதுதான் இதுல இருக்கு."

கொழுந்தனார் முகம் வெளுத்தது. டீச்சர் அவர் பக்கமாகச் சாய்ந்து, மெல்லிய குரலில், "நான் விரலைக் குவிக்காமப் பார்த்துக்கறேன். நீங்க பேசாம இருங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு மணி நேரம் அந்த அம்மா விரலைப் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று வருட வேலை பிழைத்துவிடும். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார்," என்றார் கொழுந்தனார். "நீங்க வச்சிருக்கிறதுல ஒரு குறை இருக்கு."

"என்ன குறை?"

"ஒலி மாட்டிக்கும். நிக்காது. அனுப்பும்போதே எனக்குத் தெரியும். சொல்லாம அனுப்பிட்டேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காட்டு."

கம்பியைச் செருகி, கொழுந்தனார் ஐந்து விரலை வைத்துக் குவித்தார். காலி அரங்கு முழுவதும் அந்த ஒலி எழுந்தது. எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார். முதலாளி அணைக்கச் சொல்லவில்லை. முழுதாக ஒரு நிமிடம் அதை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு தானே மூடினார்.

"இதைத்தான் கடைக்கு அனுப்பப் பார்த்தியா? தெரிஞ்சே?"

"தப்புதான் சார்."

"டீச்சர், கம்ப்யூட்டரை எடுத்து மேடையில வைங்க."

"கம்ப்யூட்டர் வீட்ல இருக்குங்க. போய்ட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நீங்கதானே டேப் மட்டும் போதும்னீங்க?"

மணி மூன்று இருபது. முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி, உன் மருந்து தடவினதைக் கொண்டு வா."

சரி செய்த டேப்பில் முதலாளி தானே விரலை வைத்தார். குவித்தார். ஒலி மாட்டவில்லை. 'டக்' என்று நின்றது. மறுபடி குவித்தார். 'டக்.' ஐந்து தடவையும் 'டக்.' கத்தரிக்கோலால் துணியை வெட்டின மாதிரி. வீட்டில் டேப்பின் சின்ன ஸ்பீக்கரில் எங்களுக்கு இது காதில் விழவில்லை. ஒலி மாட்டுகிறதா இல்லையா என்பது ஒன்றைத்தான் எல்லோரும் கவனித்தோம்.

"டீச்சர், இது உங்களுக்குச் சரியா?"

"சரி இல்லை" என்றார் டீச்சர். "நான் ஒலியை நிறுத்தறதில்லை. விடறேன். விட்டா அது தானா இழுத்துட்டுப் போய் அடங்கணும். இது கழுத்தை நெரிச்ச மாதிரி இருக்கு."

கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு குமிழ் இதற்காகவே இருக்கிறது. விரலை விட்ட பிறகு ஒலி எவ்வளவு நேரம் இழுத்து அடங்க வேண்டும் என்று அதில்தான் வைப்பார்கள். இவர் என்ன செய்திருந்தார்? 'பிடுங்கிக்கொண்டேன்' என்ற செய்தி வந்தால் 'விடு' என்று எழுதாமல், 'நிறுத்து' என்று எழுதியிருந்தார்.

"பயந்துட்டு எழுதினேன் சார். மறுபடி மாட்டிக்கக் கூடாதுன்னு அடியோட நிறுத்திட்டேன். ஒரு வார்த்தைதான். மாத்திடறேன்."

"எவ்வளவு நேரம்?"

"எழுத ஒரு நிமிஷம். டேப்ல ஏத்தப் பத்து நிமிஷம்."

"மேடை ஏறப்போற நேரத்துல மாத்தினது எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கே ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்கிட்ட அனுபவம்." முதலாளி டீச்சரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. குவிக்காம வாசிக்க முடியுமா?"

டீச்சர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "முடியும்னு இவர்கிட்ட சொன்னேன். ஆனா வாசிக்க ஆரம்பிச்சா என் பேச்சை இது கேக்காது. மாத்தச் சொல்லுங்க."

கொழுந்தனார் மேடைப் படியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். அடித்தார். ஏற்றப் போட்டார். அரை நிமிடத்தில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. அவசரத்தில் எழுத்துப் பிழை.

என் கணவர் அவர் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். "டேய், நிதானம். இன்னும் விசில் கொடுக்கலை. வண்டி எங்கயும் போயிடாது."

"கையைப் பாரு அண்ணா."

"பார்த்தேன். நீ அடி, நான் மடிமேல இருக்கிறது விழாமப் பிடிச்சுக்கறேன்."

பிழையைத் திருத்தினார். மறுபடி போட்டார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. மணி மூன்று நாற்பத்தைந்து, கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். கோடு பாதியில் நின்றது. கடவுளிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கச்சேரி நன்றாக நடக்கட்டும், முதலாளி மனசு இரங்கட்டும் என்று கேட்கக்கூட நேரமில்லை. அந்தக் கோடு நகர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நகர்ந்தது.

மணி மூன்று ஐம்பத்தேழு. சோதித்துப் பார்க்க ஒரே ஒரு தடவைதான் நேரம் இருந்தது. ஸ்பீக்கரை அணைத்து, ஹெட்ஃபோனை முதலாளி காதில் மாட்டி, கொழுந்தனார் விரலைக் குவித்தார். முதலாளி எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

டீச்சர் மேடை ஏறினார். நாங்கள் பக்கவாட்டில் சுவரை ஒட்டி நின்றோம். அங்கிருந்து திரை தெரிந்தது. முதல் வரி முடியும் இடம் வந்தது. விரல்கள் குவிய ஆரம்பித்தன. திரை ஒரு நூல் சுருங்கி நேரானது. கொழுந்தனார் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஒலி அறுபடவில்லை, மாட்டவும் இல்லை. நெகிழ்ந்து, மெலிந்து, பின்வரிசை வரைக்கும் போய், எப்போது முடிந்தது என்று சொல்ல முடியாதபடி முடிந்தது.

ஐம்பது நிமிடம். டீச்சர் சொன்னபடியே, அவர் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இன்னும் நாலைந்து வரியின் முடிவில் குவிந்தது. ஒவ்வொரு தடவையும் என் கணவர் மணிக்கட்டில் பிடி இறுகித் தளர்ந்தது. கடைசிப் பாட்டு நீளம். டேப் சூடாகிவிடுமோ, பழைய 'படக்' வந்துவிடுமோ என்று கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். என் கணவர் கையை உதறிக்கொண்டு, "ரத்த ஓட்டமே நின்னு போச்சுடா" என்றார். மணிக்கட்டில் நாலு விரலும் பதிந்திருந்தது.

முதலாளி கை தட்டவில்லை. கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகு எங்களிடம் வந்தார். பையிலிருந்து தன் டேப்பை எடுத்து நீட்டினார்.

"இதுலயும் ஏத்து."

ஏற்றினார். முதலாளி நின்றபடியே விரலைக் குவித்தார், ஒலி முழுதாக அடங்கும் வரை காதருகே பிடித்துக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார்.

"வியாழக்கிழமை பண்ணினதை இனிமே பண்ணினே, அன்னைக்கு எவ்வளவு நல்ல ஒலி வந்தாலும் சரி, நம்ம கணக்கு முடிஞ்சுது. புரியுதா?"

"புரியுது சார்."

"திங்கக்கிழமை கடைக்கு அனுப்பு."

மூன்று வருடம் காத்திருந்த வார்த்தை. என் கணவர் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கொழுந்தனார் அசையவில்லை. அவர் என்னவோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை வேண்டாம் சார்," என்றார். "இது டேப்ல சரியாயிடுச்சு. ஃபோன் வேற. சில ஃபோன்ல மூணு விரலை வச்சு இழுத்தா அது திரையைப் படம் பிடிக்கறதுக்குன்னு நினைச்சுக்கும். அங்கயும் பிடுங்கும்னு நினைக்கறேன். நான் இன்னும் பார்க்கலை. பார்த்துட்டு அனுப்பறேன். புதன்கிழமை."

முதலாளி சிரித்தார் என்று சொல்ல முடியாது. டேப்பைப் பைக்குள் வைத்து மூடினார்.

"சரி. புதன்கிழமை" என்றார்.